சாமி வண்டி, ஆனா தேர் இல்லை

“தாத்தா, பள்ளிக்கு ஒரு சாமி வண்டி செஞ்சு தாங்க” என்று பேத்தி கேட்டதும், பினாங்குத் தைப்பூச ரதம் என்றே நினைத்துச் சக்கரத்துக்குக் கட்டை தேடினேன். அவள் சொன்ன சாமி வேறு. நார்வே, சுவீடன், பின்லாந்து, ரஷ்யா என நாலு நாட்டு வடகோடியில் வாழும் மக்கள். துருவ மான் இழுக்கும் வண்டிக்குச் சக்கரம் ஏது?

டிசம்பரில் பேரங்காடியில் நிற்கும், அடியில் இரண்டு சறுக்குக்கட்டை வைத்த கிறிஸ்துமஸ் தாத்தா வண்டியை மறந்துவிடுங்கள். சாமிகளின் ‘கெரெஸ்’ வண்டி பாதி சம்பான் படகு. முன்பக்கம் கூர்ந்து மேலே வளையும். பின்னால் முதுகு சாய நேர்ப்பலகை. அடியில் ஒரே ஒரு ஏரா, அதாவது படகின் அடியில் முதுகெலும்பு மாதிரி ஓடும் நீளக்கட்டை. பட்டர்வொர்த்தில் முப்பது வருஷம் படகு செய்தவனுக்குக் கை சும்மா இருக்குமா?

ஒரு அடி நீள மாதிரிக்கு ஜெலுத்தோங் மரம் நல்லது, கத்திக்கு வெண்ணெய் மாதிரி. முதலில் ஏராக்கட்டை, ஒரு விரல் அகலம். முன்நுனியை வளைக்கப் பார்க்காதீர்கள், உடையும், வளைவாகவே அறுத்தெடுங்கள். அதன் மேல் மூன்று வங்குக்கால், பக்கப் பலகையைத் தாங்கும் விலா எலும்பு மாதிரி. பக்கப் பலகைக்கு 2 மில்லிமீட்டர் கனம் போதும். கொதிநீரில் அரை மணி ஊறவைத்து, சூடு ஆறுமுன் ஏராவிலிருந்து மேலே ஒன்றொன்றாக ஒட்டி, துணி கிளிப் மாட்டி ராத்திரி முழுக்க விடுங்கள். அவசரப்பட்டு நான் மூன்று மணியில் கழற்றினேன், பலகை விரிந்துகொண்டது.

மேசையில் வைத்தால் ஒரு பக்கம் சாயும். தப்பு உங்களுடையதல்ல. நிஜ வண்டியும் ஆடும். உட்கார்ந்தவர்தான் உடம்பைச் சாய்த்துச் சமாளிக்க வேண்டும். பனிக்குப் பதில் தட்டில் கல் உப்பு பரப்பினேன். நம்ம ஊர் ஈரத்தில் இரண்டே நாளில் தண்ணீர் விட்டு, ஆணியெல்லாம் துரு. சவ்வரிசி போடுங்கள்.

மான் ஒன்றே ஒன்று, காயடித்த கிடா. பொம்மைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம், கொம்பு இருக்கட்டும். காயடிக்காத கிடாதான் குளிர்காலத் தொடக்கத்திலேயே கொம்பை உதிர்த்துவிடும். பூட்டுவதில்தான் பலரும் கோட்டை விடுவார்கள். ஏர்க்கால் மாதிரி இரண்டு பக்கமும் கம்பு வேண்டாம். பழைய கைக்கடிகார வாரைக் கழுத்துப்பட்டையாக்கி, அதிலிருந்து ஒரே ஒரு வாரை வயிற்றுக்கு அடியில், பின்னங்கால்களுக்கு நடுவே இழுத்து வண்டி மூக்கில் கட்டுங்கள். கடிவாளக் கயிறும் ஒன்றுதான்: தலையிலிருந்து முதுகின் ஒரு பக்கமாக ஓட்டுபவர் கைக்கு.

இன்னொரு வண்டி செய்யத் தெம்பிருந்தால், அதன் மானை முதல் வண்டியின் பின்னால் கட்டிவிடுங்கள். சாமிகள் இப்படித்தான் வரிசையாகச் சாமான் கொண்டுபோனார்கள், 1960களில் பனி ஸ்கூட்டர் வந்து சேரும்வரை.