வாடிய அசேலியாவுக்கு உடனே தண்ணீர் ஊற்றாதீர்கள்

ஏப்ரலில் நுவரெலியா போய் வருகிறவர்கள் பலர் கையோடு ஓர் அசேலியாச் சாடியும் கொண்டுவருகிறார்கள். அசேலியாவும் ரோடோடென்ட்ரன் என்ற பூமரப் பேரினத்தைச் சேர்ந்ததுதான், அதன் குள்ளமான வகை. மே மாதம் கொழும்பில் தென்மேல் பருவமழை பிடிக்கிறது. ஜூனில் இலை தொங்குகிறது. ஓகஸ்டில் சாடி மட்டும் மிஞ்சுகிறது. புதிதாக வளர்க்கத் தொடங்குகிறவர்கள் வருடந்தோறும் அதே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். உச்சி வெயிலில் வைப்பது, தண்ணீர் ஊற்ற மறப்பது போன்றவை தானாகவே திருந்தும், அவற்றை விட்டுவிடுவோம்.

வாடலைக் கண்டதும் தண்ணீர்

எத்தனை தடவை சொன்னாலும் தொடர்கிற தவறு இது, பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது. இலை தொங்கினால் செடிக்குத் தாகம் என்று நினைத்து ஒரு வாளி ஊற்றுகிறார்கள். மறுநாளும் தொங்கினால் இன்னொரு வாளி. உண்மையில் மழைக்காலத்தில் வாடும் அசேலியாவுக்குப் பெரும்பாலும் வேரழுகல்தான். அதை உண்டாக்கும் ஃபைட்டொப்தோரா என்ற நுண்ணுயிரின் வித்திகள் மண்ணில் தேங்கிய நீரில் நீந்திப்போய் வேரைப் பிடிக்கின்றன. அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது. மண் சொதசொதவென்று இருக்க, செடி தாகத்தில் சாகிறது. நீங்கள் ஊற்றும் வாளித் தண்ணீர் நோய்க்குத்தான் உதவுகிறது.

முதலில் சாடியைத் தூக்கிப் பாருங்கள். பாரமில்லாமல், விரல் விட்டால் மண் காய்ந்திருந்தால் அது தாகம்தான். தண்ணீர் ஊற்றிய சில மணி நேரத்தில் இலை நிமிரும். நண்பகலில் துவண்டு மாலையில் தேறினால் வெறும் வெப்பம். சாடி பாரமாக இருந்தும் விடியற்காலையில் இலை தொங்கிக் கிடந்தால் செடியை மண்ணோடு கழற்றிப் பாருங்கள். நல்ல வேர் மயிர்போல் மெல்லியது, வெளிர்நிறமானது. அழுகியது செம்பழுப்பாக இருக்கும். விரலால் இழுத்தால் மேற்தோல் கழன்று நடுநார் மட்டும் மிஞ்சும். பிறகு தண்டின் அடியில் பட்டையைக் கத்தியால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சையாக இருந்தால் முயன்று பார்க்கலாம். தண்டைச் சுற்றிலும் பழுப்பேறியிருந்தால் எறிந்துவிடுங்கள், எந்த மருந்தும் மீட்காது.

முயல்வதானால் அழுகிய வேரை முழுவதும் வெட்டுங்கள். கிளைகளில் மூன்றில் ஒரு பங்கைக் குறையுங்கள், மிஞ்சிய வேரால் எல்லாக் கிளைகளையும் தாங்க முடியாது. மிஞ்சிய வேர்க்கட்டிக்கு அளவான சிறிய சாடி போதும். தேங்காய் மட்டைத் துண்டு இரண்டு பங்கு, உப்புப் போகக் கழுவிய தும்புத்தூள் ஒரு பங்கு, கரித்துண்டு ஒரு பங்கு கலந்து நடுங்கள். வேர்க்கட்டியின் மேல்மட்டம் புதைந்துவிடக் கூடாது. மழை நேரே விழாத, வெளிச்சமான நிழலில் வைத்து, மேலே இரண்டு சென்றிமீற்றர் காய்ந்த பிறகே தண்ணீர். புதுத் துளிர் வரும்வரை பசளை வேண்டாம்.

மருந்தில் பணம் வீணாவதும் இங்கேதான். ஃபைட்டொப்தோரா உண்மையான பங்கசு அல்ல, அதனால் கார்பென்டாசிம் என்ற பங்கசு நாசினி அதை ஒன்றும் செய்யாது. மெட்டலக்சில் கலந்த மருந்தை லேபலில் உள்ள அளவுப்படி மண்ணில் ஊற்ற வேண்டும். இலையில் தெளித்து வேரைக் காப்பாற்ற முடியாது. அதுவும் நோயை அடக்கி வைக்குமே தவிர அழுகிய வேரைத் திருப்பித் தராது, வடிகால் சரியில்லாவிட்டால் நோய் மீண்டும் வரும்.

அந்தச் சாடியின் பழைய மண்ணை ரோஜாவுக்கோ வேறு செடிக்கோ போடாதீர்கள்.

மஞ்சள் இலைக்கெல்லாம் யூரியா

எந்த இலை மஞ்சள் என்று பாருங்கள். கீழுள்ள முதிர்ந்த இலை முழுவதும் வெளிறினால் நைதரசன் குறைவு என்று எண்ணலாம். ஆனால் வேரழுகலிலும் இலை வெளிறும், ஆகவே வேரைப் பார்த்துவிட்டே பசளை. இளந்துளிரில் நரம்பு பச்சையாக நிற்க இடைப்பகுதி மஞ்சளானால் அது இரும்புக் குறைவு. மண்ணில் இரும்பே இல்லை என்று இதற்குப் பொருளல்ல. அசேலியாவுக்கு வேண்டிய பி.எச். (மண்ணின் அமில, காரத் தன்மையைக் காட்டும் அளவு) 4.5 முதல் 6 வரை. அதற்கு மேலே போனால் இருக்கிற இரும்பையும் வேரால் எடுக்க முடியாது. சீமெந்துச் சாடியும், புதிதாகப் பூசிய சுவரிலிருந்து வடியும் நீரும் மண்ணைக் காரமாக்கும். செடியை இடம் மாற்றி, செடி எளிதில் எடுத்துக்கொள்ளும் வடிவிலான கீலேட் இரும்பைத் தெளியுங்கள். துளிர் சில வாரங்களில் பச்சையாகும். யூரியா இதைச் சரிசெய்யாது.

புள்ளியெல்லாம் நோயல்ல

இலையில் ஊசி குத்தியதுபோல் வெளிர்ப்புள்ளிகள் இருந்தால், வெள்ளைத் தாளின் மேல் பிடித்துத் தட்டுங்கள். தாளில் விழுந்த துகள்கள் நகர்ந்தால் சிலந்திப்பேன். பங்கசு நாசினி வேண்டாம், இலையின் அடிப்பக்கத்தில் தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள்.

சாடிக்கு அடியில் தட்டு

எடுத்துவிடுங்கள். தட்டில் நீர் தேங்கினால் வேர் அழுகும், டெங்கு நுளம்பும் பெருகும்.

காட்டிலிருந்து கன்று

ஹோர்ட்டன் சமவெளியின் சிவப்பு ரோடோடென்ட்ரன் கடல்மட்டத்துக்கு மேல் 2,000 மீற்றர் உயரத்தில் வாழும் மரம், கொழும்பு வெப்பத்தில் பிழைக்காது. அந்த இடம் 1988 முதல் தேசியப் பூங்கா. அங்கே செடி பிடுங்குவது குற்றம்.