ஸ்கோப் மேல் பழி போட்டேன்; குற்றவாளி திருகாணி

கனடாவின் ஆல்பர்ட்டாவில் மான் வேட்டை சீசனுக்கு முன்னால் என் .308 போல்ட் ஆக்‌ஷன் துப்பாக்கியின் குறியை 100 கஜத்தில் சரிபார்க்கப் போனேன். முதல் மூன்று குண்டும் ஒரே இடத்தில். அடுத்த மூன்று, நான்கு அங்குலம் இடப்பக்கம். ஸ்கோப்பை, அதாவது மேலே மாட்டியிருக்கும் குறிபார்க்கும் தொலைநோக்கியை, திருகத் திருகக் குறி கண்ணாமூச்சி ஆடியது. இருபது தோட்டா வீண். விலை தெரிந்தவர்களுக்கு என் வயிற்றெரிச்சல் புரியும்.

வீட்டுக்கு வந்து, உள்ளே தோட்டா இல்லை என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு ஸ்கோப்பைக் கழற்றினால், அடியில் அதைத் துப்பாக்கியோடு பிணைக்கும் பேஸின் முன் திருகாணி விரலுக்கே சுற்றுகிறது! கடையில் மாட்டிக் கொடுத்ததை நான் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. எண்ணெயைத் துடைத்து, திருகாணி தளராமல் பிடிக்கும் நீலப் பசை ஒரு சொட்டு விட்டு, முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் கையேட்டில் சொன்ன அளவுக்கு முறுக்கினேன்.

மறுவாரம் ரேஞ்சில் போல்ட்டை (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் தண்டு) உருவி, குழல் வழியே இலக்கைப் பார்த்து, துப்பாக்கி அசையாமல் ஸ்கோப்பின் குறுக்குக்கோட்டையும் அதே புள்ளிக்குக் கொண்டுவந்தேன். 25 கஜத்தில் ஒன்று, அப்புறம் 100. என் ஸ்கோப்பின் குமிழை ஒரு கிளிக் திருப்பினால் 100 கஜத்தில் குண்டு விழும் இடம் சுமார் கால் அங்குலம் நகரும். குண்டு மூன்று அங்குலம் தாழ்ந்திருந்தது, 12 கிளிக் ஏற்றினேன். குழல் ஆறும்வரை காப்பி. கடைசி மூன்று துளைகளையும் ஒரு டாலர் நாணயத்தால் மூட முடிந்தது.