ஆகஸ்ட் லீவில் நாம் விடும் பிழைகள்

பாடசாலை பூட்டி மூன்று நாள்கூட ஆகியிருக்காது. காலை ஆறரைக்கு எங்கள் ஒழுங்கையில் புத்தகப் பையோடு பிள்ளைகள் போய்க்கொண்டிருப்பார்கள். சீருடை மட்டும்தான் இல்லை. காலையில் கணிதம், பத்து மணிக்கு ஆங்கிலம், பின்னேரம் விஞ்ஞானம். லீவு கிடைத்தது பள்ளிக்கூடத்துக்கு, பிள்ளைக்கு இல்லை. நாம் விடும் பிழைகளில் பெரியது இதுதான்.

நானும் அந்தப் பிழையை விட்டவள். மூத்தவன் ஐந்தாம் ஆண்டு படிக்கும்போது புலமைப்பரிசில் சோதனையை நினைத்து லீவு முழுக்க மூன்று ரியூசனுக்கு அனுப்பினேன். இரண்டாம் கிழமை ஒரு மத்தியானம், சோற்றைப் பிசைந்தபடியே தூங்கிப்போனான். விரலில் பருக்கை காய்ந்து ஒட்டியிருந்தது. ஈரத்துணியால் அதைத் துடைத்துவிடும்போதுதான் எனக்கு உறைத்தது.

சோதனை இருக்கிற பிள்ளை படிக்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை. காலையில் குளிர்மையான நேரத்தில் இரண்டு மணித்தியாலம் வீட்டில் படிக்கட்டும். கிழமையில் இரண்டு நாளாவது புத்தகத்தைத் தொடாமல் விடுங்கள். 6 முதல் 12 வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 9 முதல் 12 மணித்தியாலத் தூக்கம் வேண்டும். இரவு பதினொரு மணிக்குப் படுக்கிற பிள்ளையை வகுப்புக்கென்று ஐந்து மணிக்கு எழுப்பினால் ஆறு மணித்தியாலம்தான் கிடைக்கும்.

அடுத்த பிழை, பிள்ளை "அம்மா, போரடிக்குது" என்றதும் போனை எடுத்துக் கொடுப்பது. கொஞ்சம் பொறுங்கள். அரை மணித்தியாலம் திண்ணையில் புரளும், தங்கையைச் சீண்டும், குசினிக்குள் நாலு தரம் வந்து போகும். அப்புறம் தானாகவே ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளும். கச்சான் காற்று அடிக்கிற காலம் அல்லவா, எங்கள் வீட்டில் அது பட்டமாகத்தான் இருக்கும். பழைய பேப்பர், தென்னை ஈர்க்கு, ஒட்டுவதற்குச் சோற்றுப் பருக்கை, வாலுக்குக் கிழிந்த சாறித்துண்டு. முதல் பட்டம் நிச்சயம் குத்துக்கரணம் அடிக்கும். இந்த இடத்தில்தான் அப்பாமார் பொறுமை இழந்து, "கொண்டா இங்க" என்று வாங்கித் தாங்களே கட்டிக் கொடுப்பார்கள். தயவுசெய்து வேண்டாம். வாலை இன்னும் ஒரு முழம் நீட்டினால் பட்டம் நிதானமாக நிற்கும் என்பதைப் பிள்ளை தானே கண்டுபிடிக்கட்டும். நீங்கள் பார்க்க வேண்டியது பக்கத்தில் மின்கம்பி இருக்கிறதா என்பதை மட்டும்தான்.

தண்ணீர் விசயத்தில் மட்டும் இந்த விட்டுப்பிடித்தல் கூடாது. வாடைக் காலத்தோடு பார்த்தால் ஆகஸ்டில் எங்கள் மட்டக்களப்புக் கடல் அடங்கித்தான் கிடக்கும். அதுவே பெரியவர்களை அசட்டையாக்கிவிடுகிறது. பாசிக்குடாவில் வெகுதூரம் நடந்து போனாலும் தண்ணீர் இடுப்பளவுதான். அதே நினைப்பில் கல்லடிக் கடலில் பிள்ளையை இறக்காதீர்கள், அங்கே ஆழமும் அலையும் வேறு. இன்னொன்று, கச்சான் தரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கிற காற்று. காற்றடித்த டியூப்பையும் பந்தையும் அது கண்மூடித் திறப்பதற்குள் வெளியே தள்ளிக்கொண்டு போகும், அதை எட்டிப் பிடிக்கப் பிள்ளையும் பின்னால் போகும். கடலுக்கு டியூப் கொண்டுபோகவே வேண்டாம். வாவியில் முதலை இருப்பது தெரிந்ததுதான், அங்கே குளிக்க விடாதீர்கள். கூட்டமாகப் போகும்போது, "எல்லாரும் பார்த்துக்கொள்வோம்" என்றால் யாருமே பார்க்கமாட்டோம். ஒரு பெரியவர் போனைப் பைக்குள் வைத்துவிட்டு அந்த ஒரு வேலையை மட்டும் செய்யட்டும்.

வெயிலுக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. பதினொன்றிலிருந்து மூன்று மணிவரை நிழல். சோடாவுக்குப் பதில் மோர், இளநீர், சும்மா தண்ணீர்.

காசு இல்லை, நுவரெலியாவுக்குக் கூட்டிப்போக முடியவில்லை என்று கவலைப்படுகிற தாய்மாரும் இருக்கிறார்கள். அந்தக் கவலையைப் பிள்ளையின் காதில் போடுவதும் ஒரு பிழைதான், பிள்ளைக்கு அது குறையே இல்லை. பெத்தா, அதாவது பாட்டி, வீடு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் என்றால், குருக்கள்மடத்தில் பாதை என்கிற மிதவைப் படகில் ஏறி அம்பிளாந்துறையில் இறங்குகிற அந்தக் கொஞ்ச நேரமே அதற்குப் பெரிய பயணம். இரண்டு கிழமை அங்கே விடுங்கள். பெத்தாவோடு மாட்டுக்குத் தண்ணீர் வைக்கும், முட்டியில் தயிர் உறைந்துவிட்டதா என்று திறந்து திறந்து பார்க்கும். ஆனால் ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் வீடியோ கோல் எடுத்து, "என்ன படிச்ச, என்ன சாப்பிட்ட" என்று விசாரணை வைக்காதீர்கள். இரவு ஒரு தரம் போதும்.

பாடசாலை தொடங்க நாலைந்து நாள் இருக்கும்போது பிள்ளையை வீட்டுக்குக் கூட்டி வாருங்கள். ஒவ்வொரு இரவும் கால் மணித்தியாலம் முன்னதாகப் படுக்க வையுங்கள். வீட்டுவேலைக் கொப்பியைக் கடைசி இரவில் திறக்காமல் அந்த நாட்களில் ஒரு காலையில் திறந்தால், முதல் நாள் பிள்ளை அழாமல் சப்பாத்துப் போடும்.