.30-06 தோட்டாவுக்கு எந்த வெடிமருந்து?

அமெரிக்காவில் வீட்டிலேயே ரைஃபிள் தோட்டா நிரப்பத் தொடங்குகிறவர்கள் கடையில் பவுடர் டப்பாக்களின் முன்னால்தான் அதிகம் குழம்புவார்கள். .30-06 என்ற ரைஃபிள் தோட்டா வகை ஒன்றுக்கே இருபதுக்கும் மேற்பட்ட மருந்துகள் பொருந்தும். (இந்தியாவில் உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். சட்டம் அனுமதிக்கும் இடங்களுக்கு மட்டுமே இது.)

பெயரைப் பார்த்து வாங்காதீர்கள். குண்டின் எடையை முதலில் முடிவு செய்யுங்கள். கனமான குண்டு குழலுக்குள் மெல்லத்தான் நகரும். மருந்து அவசரமாக எரிந்தால் வாயு விரிய இடமில்லாமல் அழுத்தம் எகிறிவிடும். அதனால் 150 கிரெய்ன் (எடை அலகு) குண்டுக்கு ஐ.எம்.ஆர். 4064, எச் 4895, வார்கெட் போன்ற நடுத்தர வேக மருந்துகளும், 180 கிரெய்னுக்கு எச் 4350, எச் 4831 போன்ற மெதுவானவையும் ஏற்றவை. கைத்துப்பாக்கிக்கான வேக மருந்தை ரைஃபிள் கேஸில் (தோட்டாவின் உலோகக் கூட்டில்) நிரப்பினால் துப்பாக்கியே வெடித்துச் சிதறலாம்.

இதே தோட்டாவைச் சுடும் எம்1 கேரண்ட் துப்பாக்கிக்குக் கணக்கு வேறு. குழலிலிருந்து வரும் வாயு இயக்கத் தண்டைத் தள்ளித்தான் அடுத்த தோட்டா ஏறும்; அந்த வாயுத் துளை குழல் முனைக்கு அருகில் இருக்கிறது. மெதுவான மருந்து, குண்டு அங்கே வரும்போதும் அதிக அழுத்தத்தோடு இருப்பதால், இயக்கத் தண்டை வளைத்துவிடும். கையால் இயக்கும் போல்ட் ரைஃபிளில் அருமையாக வேலை செய்யும் எச் 4831 கேரண்டுக்கு ஆகாது. அதற்கு ஐ.எம்.ஆர். 4895 அல்லது 4064-ஐ, அதுவும் கேரண்டுக்கென்று தனியாகப் போட்ட அட்டவணையின் அளவில்தான் நிரப்ப வேண்டும்.

எண்ணில் ஏமாறக் கூடாது. எச் 4350-உம் ஐ.எம்.ஆர். 4350-உம் ஒன்றல்ல; ஒன்றின் அளவை மற்றொன்றுக்குப் போடாதீர்கள். வேலை மேசையில் ஒரே நேரத்தில் ஒரு டப்பாதான் திறந்திருக்க வேண்டும்.

கேஸைப் பாதிக்கு மேல் நிறைக்கும் மருந்தையே தேர்ந்தெடுங்கள். தவறி இரண்டு முறை ஊற்றினால் வழிந்து காட்டிக்கொடுத்துவிடும். குச்சி வடிவ மருந்து அளவு கருவியில் வெட்டுப்பட்டு, ஒரு முறைக்கும் அடுத்த முறைக்கும் கிரெய்னில் பத்தில் சில பங்கு வித்தியாசம் காட்டும். தராசில் எடை போட்டே ஆக வேண்டும். உருண்டை மருந்து சீராக விழும். ஆனால் உருண்டை மருந்துகள் பல, வெயில் ஏற ஏற அழுத்தமும் கூடுகிறவை. குளிர்காலத்தில் உச்ச அளவில் சோதித்த தோட்டா கோடையில் சிக்கலாகலாம். வேட்டைக்குப் போகிறவர்கள் வார்கெட், எச் 4350 போன்ற வெப்பத்துக்கு அதிகம் அசையாதவற்றை வாங்குவது நல்லது என்பது எங்கள் திடமான கருத்து.

அளவை மருந்து அல்லது குண்டு தயாரிப்பாளரின் தற்போதைய கையேட்டிலிருந்து மட்டும் எடுங்கள். அதில் சொல்லியிருக்கும் தொடக்க அளவில் ஆரம்பியுங்கள். உச்ச அளவு மட்டும் இருந்தால் 10 சதவீதம் குறைத்துத் தொடங்கி, அரை கிரெய்னுக்கு மிகாத படிகளில் ஏற்றுங்கள். போல்ட் இறுக்கமாகத் திறப்பது, பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) தட்டையாகிப் போவது, கேஸின் அடியில் பளபளப்பான வட்டத் தழும்பு விழுவது: ஏதாவது ஒன்று தெரிந்தாலும் அங்கேயே நிறுத்திக் கீழே இறங்குங்கள். இவை தெரியவில்லை என்பதற்காக உச்ச அளவைத் தாண்டாதீர்கள். அழுத்தம் மீறிய பிறகுதான் இவை பெரும்பாலும் வெளிப்படும். குண்டு, பிரைமர், கேஸ் வகை, டப்பாவின் லாட் (தயாரிப்புத் தொகுதி) எண், இவற்றில் எது மாறினாலும் அளவைக் குறைத்து மறுபடி தொடங்க வேண்டும்.

ஒரு பவுண்டு என்பது 7,000 கிரெய்ன். தோட்டாவுக்கு 50 கிரெய்ன் என்றால் 140 தோட்டா வரும். முதலில் ஒரு பவுண்டு மட்டும் வாங்கிச் சுட்டுப் பாருங்கள். மூல டப்பாவிலேயே, குளிர்ந்த உலர்ந்த இடத்தில், நெருப்புக்கு எட்டாமல் வையுங்கள். திறக்கும்போது புளித்த அமில வாடையோ செம்பழுப்புப் புகையோ வந்தால் மருந்து கெட்டுவிட்டது. அதிலிருந்து ஒரு தோட்டாகூட நிரப்பாதீர்கள்.