விளக்கு வைக்கும் நேரத்தில் தலை எண்ணுங்கள்

கோழி வாங்குவதற்கு முன்னால் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். முப்பத்தோரு வருடம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன் சொல்கிறேன். ஸ்டேஜுக்கு ஸ்டேஜ் தலை எண்ணாதவனுக்கு, காசு எங்கே குறைந்தது என்று ராத்திரி டிப்போவில் உட்கார்ந்து தேடினாலும் தெரியாது. கோழி வளர்ப்பிலும் நஷ்டம் இரண்டு எண்ணிக்கைகளுக்கு நடுவில்தான் நடக்கிறது. தினமும் எண்ணினால் அந்த இடைவெளி ஒரு நாள். எண்ணாவிட்டால் மூன்று வாரம்.

எனக்கு அது மூன்று வாரமாக இருந்தது. ஓய்வு பெற்ற வருடம் முடிச்சூரில் எங்கள் மூன்று கிரவுண்டு மனையில் 14 குஞ்சுகளை விட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏதோ நினைவாக எண்ணினால் 9. பக்கத்து வீட்டுப் பூனை மேல் பழி போட்டு, அந்த வீட்டுக்காரரோடு பேச்சையும் நிறுத்திக்கொண்டேன். தினமும் எண்ணத் தொடங்கிய பிறகுதான் விவரம் புரிந்தது. குஞ்சு குறைந்ததெல்லாம் ராத்திரியில். கூண்டின் மூலையில் உமியைத் தள்ளிப் பார்த்தால் கை நுழையும் அளவுக்கு ஒரு வளை. பெருச்சாளி! சென்னைப் புறநகரில் கோழிக்கு முதல் எதிரி பருந்து என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். என் நோட்டில் பருந்து 2, பெருச்சாளி 11.

எண்ணுவதற்கு நேரம் உண்டு. பகலில் மேயும் கோழியை எண்ண முடியாது. பொழுது சாயும்போது அவை தாமாகவே கூண்டுக்குள் ஏறி, குறுக்குக் கழியில் வரிசையாக உட்காரும். டிசம்பரில் ஐந்தே முக்கால், ஜூனில் ஆறரை தாண்டும். அப்போது எண்ணி, எழுதி, கதவைத் தாழிடுங்கள். காலையில் திறக்கும்போது மறுபடி ஒரு எண்ணிக்கை. மாலையில் குறைந்தால் கீரி, நாய், பருந்து. காலையில் குறைந்தால் கூண்டில் ஓட்டை. இந்த ஒரு பிரிவினையே பாதி வேலையை முடித்துவிடும்.

கூண்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் மூன்று முறை கட்டினேன். முதலாவது தரையோடு இருந்தது, பெருச்சாளி முடித்தது. இரண்டாவதை இரண்டடி உயரத்தில் நிறுத்தினேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை இரண்டு நாள் விடாமல் கொட்டி, மனைக்குள் தண்ணீர் தொடைவரை வந்தது. ராத்திரி இரண்டு மணிக்கு நானும் என் மனைவியும் கோழிகளைச் சாக்கில் போட்டு மொட்டை மாடிப் படிக்கட்டுக்கு ஏற்றினோம். அடுத்த மாதமே நான்கடி சிமெண்ட் தூண்கள் மேல் மூன்றாவது கூண்டு எழுந்தது. அடையாற்றுப் பக்கம், ஏரிப் பக்கம் இருப்பவர்கள் என்னைப் போல இரண்டு முறை செலவு செய்ய வேண்டாம். 2015இல் உங்கள் தெருச் சுவரில் தண்ணீர் எதுவரை நின்றது என்று விசாரித்து, அதற்கு மேலே தளம் போடுங்கள்.

ராத்திரி அடைய ஒரு கோழிக்கு இரண்டு சதுர அடி போதும். இருபத்தைந்து கோழிக்குப் பத்தடிக்கு ஐந்தடி. நீளவாக்குக் கிழக்கு மேற்காக இருக்கட்டும். காலை வெயிலும் மாலை வெயிலும் குறுகிய பக்கத்தில் மட்டும் படும். அறுகோணக் கண் உள்ள கோழி வலை கோழியை உள்ளே வைக்கும், அவ்வளவுதான். கீரியையும் நாயையும் வெளியே நிறுத்த அரை அங்குல வெல்டு மெஷ் வேண்டும். விலை உறைக்கும், வாங்கிவிடுங்கள். தூண்களில் ஒரு சாண் அகலத்துக்கு கிரீஸ் தடவி வையுங்கள், எறும்பு ஏறாது. இது டிப்போ புத்தி. கூரைக்கு வெறும் தகரம் போட்டால் மே மாதம் அது தோசைக்கல். தகரத்துக்கு மேல் தென்னங்கீற்று வேயுங்கள்.

கீழே உமியோ மரத்தூளோ மூன்று அங்குலம் பரப்பி, தினமும் காலையில் கிளறிவிட வேண்டும். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பாருங்கள். உருண்டையாக நின்றால் ஈரம் அதிகம்; கையைத் திறந்ததும் உதிர்ந்தால் சரி. மழைக்காலத்தில் இந்தச் சோதனையை நான் தினமும் செய்கிறேன், ஏனென்றால் ஈரக் கூளத்தில்தான் ரத்தக் கழிச்சல் பிடிக்கிறது. மூன்று வாரத்திலிருந்து ஆறு வாரம் வரையுள்ள குஞ்சுகளை அது சுலபமாகக் கொண்டுபோய்விடும்.

குஞ்சு வாங்குவதா, அடை வைப்பதா? முதல் முறை என்றால் வாங்குங்கள். அடுத்த முறை அடை வையுங்கள், அதில்தான் சுகம். நாட்டுக்கோழி பத்துப் பதினைந்து முட்டை போட்டதும் கொக்கரிப்பை மாற்றி, கூடையை விட்டு எழ மறுக்கும். ஒரு மண்சட்டியில் மணலும் வைக்கோலும் போட்டு, ஒரு வாரத்துக்கு மேல் ஆகாத முட்டையாகப் பார்த்துப் பத்துப் பன்னிரண்டு வையுங்கள். கழுவாதீர்கள். என் மாமியார் ஓர் இரும்பு ஆணியும் கரித்துண்டும் சேர்த்து வைப்பார், இடி இடித்தால் கூமுட்டை ஆகாமலிருக்க. எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் இன்றுவரை நானும் வைக்கிறேன்.

ஏழாம் நாள் இருட்டில் முட்டைக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். சிவப்பு நூல் நூலாக நரம்பு தெரிந்தால் உயிர். வெறும் வெளிச்சம் தெரிந்தால் எடுத்துவிடுங்கள். 21ஆம் நாள் பொரிக்கும். மே மாதத்தில் மட்டும் வைக்காதீர்கள். அடைக்குப் போகும் முன்பே அந்தச் சூட்டில் கரு அரைகுறையாக வளரத் தொடங்கிச் செத்துவிடுகிறது. ஒரு மே மாதம் 12 வைத்து 3 பொரித்தது, அதோடு விட்டுவிட்டேன்.

தாய் இல்லாத குஞ்சு என்றால் முதல் வாரம் குஞ்சுக்கு இரண்டு வாட் கணக்கில் பழைய குண்டு பல்பு. தெர்மாமீட்டர் தேவையில்லை. பல்புக்கு அடியில் ஒன்றின் மேல் ஒன்று ஏறினால் குளிர்கிறது. ஓரத்துக்கு ஓடி வாயைப் பிளந்தால் சூடு அதிகம். பரவலாகப் படுத்தால் சரி. தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போடுங்கள், இல்லையென்றால் ஒன்றாவது மூழ்கிச் சாகும்.

தீனிக்கு நான் அரிசிக் குருணை, கம்பு, தவிடு, கடலைப் புண்ணாக்கு, கொஞ்சம் மீன்தூள் கலக்கிறேன். காசிமேட்டிலிருந்து ஒரு முறை மலிவாகக் கிடைக்கிறதே என்று உப்புக் கருவாட்டுக் கழிவை வாங்கிவந்து இடித்துப் போட்டேன். மறுநாள் எல்லாம் தண்ணீர்ப் பானையை விட்டு நகரவில்லை, இரண்டு செத்தன. உப்பில்லாத மீன்தூள்தான் வேண்டும். புண்ணாக்கில் பூஞ்சை வாசம் அடித்தால், எத்தனை கிலோவானாலும் குப்பைக்கு. முட்டையிடும் கோழிக்குக் கிளிஞ்சல் தூளைத் தனித் தட்டில் வையுங்கள், தேவையானதை அதுவே கொத்திக்கொள்ளும். குஞ்சுகளுக்குக் கறையான் விருந்து: மண்பானைக்குள் காய்ந்த சாணமும் சாக்குத் துண்டும் நனைத்துத் திணித்து, புற்று உள்ள இடத்தில் மாலையில் கவிழ்த்து வையுங்கள். விடிந்ததும் தூக்கி உதறினால் குஞ்சுகள் படுகிற பாட்டைப் பார்க்க வேண்டும்.

இனி வெள்ளைக் கழிச்சல். இரண்டாவது வருடம் ஆறே நாளில் 19 கோழிகள் போனது இதில்தான். பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், இறக்கை தொங்கும், சிலது கழுத்தைத் திருகிக்கொண்டு வட்டமடிக்கும். ராணிக்கெட் நோய் என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். வந்தபின் மருந்து இல்லை, வருமுன் தடுப்பூசி மட்டுமே. ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ லசோட்டா என்ற தடுப்பு மருந்து ஒரு சொட்டு, நான்காவது வாரத்தில் மறுபடி, எட்டாவது வாரத்தில் இறக்கைக்கு அடியில் ஊசி. பிப்ரவரியில் கால்நடைத் துறை இரண்டு வார முகாம் நடத்தி இலவசமாகவே போடுகிறது.

நான் போடாமல் விட்டேன் என்று நினைக்காதீர்கள். மருந்து வாங்கி, ஏப்ரல் வெயிலில் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வழியில் டீ குடித்துவிட்டு வந்தேன். அந்த மருந்து ஐஸிலேயே இருக்க வேண்டும். சூடு ஏறினால் வெறும் தண்ணீர்தான். போதாக்குறைக்கு, ஒரு சந்தையில் ஆசைப்பட்டு வாங்கிய சேவலை அன்றைக்கே மற்றவற்றோடு விட்டேன். புதிதாக வரும் எதையும் மூன்று வாரம் தனியே கட்டி வையுங்கள், தட்டும் தண்ணீரும் உட்பட. செத்ததைப் புதைக்குமுன் ஒன்றையாவது கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய் அறுத்துப் பாருங்கள். இன்ன நோய் என்று தெரிந்தால்தான் மிச்சத்தைக் காப்பாற்ற முடியும்.

அம்மை கொசுவால் வரும், மழை ஓய்ந்த பிறகு கொண்டையில் கொப்புளமாகத் தெரியும். பெரும்பாலும் தேறிவிடுகின்றன, கண் மூடிக்கொண்டதற்குத் தீனியை வாயில் ஊட்ட வேண்டும், பொறுமை வேண்டும்.

கத்திரி வெயிலில் பதினொன்றிலிருந்து நான்கு மணிவரை தீனி போடாதீர்கள், செரிக்கிற சூடும் சேர்ந்துகொள்ளும். மண்பானைத் தண்ணீர் நிழலில் இருக்கட்டும், கூண்டைச் சுற்றி ஈரச் சாக்கு. வாயைப் பிளந்து இறக்கையை விரித்து நின்றால் தூக்கிக் காலைத் தண்ணீரில் நனையுங்கள். அந்த மாதம் முட்டை ஓடு மெலிந்து போவதற்கும் இந்த மூச்சிரைப்புதான் காரணம், கோழியைத் திட்டாதீர்கள்.

வருமானம்? இருக்கும் 24 பெட்டையும் வருடத்துக்கு ஆளுக்கு எழுபது முட்டை போட்டால் அதிகம். பதினைந்து ரூபாய்க்குக் கொடுக்கிறேன். தீனிச் செலவுக்கும் அதற்கும் சரியாகப் போகிறது, சேவல் விற்றது மிச்சம். பூனைக்காரருக்கு மாதம் ஆறு முட்டை இலவசம். சேவல் நாலு மணிக்குக் கூவுவதைப் பற்றி அவர் வாய் திறப்பதில்லை.

போன மாதம் ஒரு மாலை எண்ணிக்கையில் ஒரு பெட்டை குறைந்தது. மூன்று நாள் தேடி, இறகுகூடக் கிடைக்காமல், நோட்டில் "கீரி 1" என்று எழுதிப் பற்று வைத்தேன். 22ஆம் நாள் காலை, பின்சுவர் ஓரத்துக் கனகாம்பரப் புதரிலிருந்து பத்துக் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு வந்து தவிட்டுத் தட்டில் நின்றது. கீரியை அடித்துவிட்டு 11 வரவு எழுதினேன். ஏழாம் நாள் சொட்டு மருந்துக்கு இந்த முறை ஐஸ் டப்பாவை என் மனைவியே எடுத்துக்கொண்டு போனாள், என்னை நம்பவில்லை.