ரீரெய்ஸ் செய்யும் முன் ஸ்டாக்கை எண்ணுங்கள்: போக்கர் டோர்னமென்ட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிளைண்ட் (சீட்டைப் பார்க்கும் முன்பே இருவர் கட்டாயமாகக் கட்டும் தொகை) 500-1000, அதோடு பிக் பிளைண்ட் ஆன்ட்டி (அந்த 1000-ஐக் கட்டுபவரே கூடுதலாகக் கட்டுவது) 1000. கட்-ஆஃபில், அதாவது பட்டனுக்கு முந்தைய இருக்கையில், இருப்பவர் பந்தயத்தை 2200-க்கு ஏற்றி ரெய்ஸ் செய்கிறார். பட்டனில் (பொதுச்சீட்டுகள் விழத் தொடங்கிய பிறகு கடைசியாக ஆடும் இருக்கையில்) 18,000 சிப்ஸோடு உட்கார்ந்திருப்பவர் கையில் ஒரே சூட்டில் ஏஸ்-5. அழகான சீட்டு என்று அதற்கும் மேலே 6000-க்கு ஏற்றி ரீரெய்ஸ் செய்கிறார். பிளைண்ட் கட்டிய இருவரும் ஃபோல்டு, அதாவது சீட்டைப் போட்டு விலகுகிறார்கள். கட்-ஆஃப் தன் சிப்ஸ் அனைத்தையும் வைத்து ஆல்-இன் போடுகிறார்.

கட்-ஆஃபின் 18,000-ஐயும் சேர்த்து இப்போது நடுவில் கிடப்பது 26,500. பட்டன் இன்னும் கட்ட வேண்டியது 12,000. அதாவது 31 சதவீத வெற்றி வாய்ப்பு இருந்தாலே கால் செய்யலாம் (அந்தத் தொகையைக் கட்டி நிற்கலாம்). எதிரில் கிங் ஜோடியே இருந்தாலும் ஏஸ்-5க்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. ஃபோல்டு செய்தால் ஸ்டாக்கில், அதாவது மொத்த சிப்ஸில், மூன்றில் ஒரு பங்கு வீண். கால் செய்தால் மூன்றில் இரண்டு முறை வீட்டுக்குக் கிளம்ப வேண்டும். இரண்டுமே கசப்பு. தவறு இந்த இடத்தில் நடக்கவில்லை, 6000 சிப்ஸை முன்னால் தள்ளியபோதே நடந்துவிட்டது.

நம் ஊரில் ரம்மி ஆடிப் பழகியவர்களுக்கு இது உடனே புரியும். 101 பூல் ரம்மியில் முதல் டிராப்புக்கு (ஆடாமலே விலகுவதற்கு) 20 பாயிண்ட், நடு டிராப்புக்கு 40. சுமாரான கையை வைத்துக்கொண்டு இரண்டு சுற்று ஆடிவிட்டு டிராப் போடுகிறவர் இரட்டிப்பு விலை கொடுக்கிறார். 18 பிபி ஸ்டாக்கில் சின்ன ரீரெய்ஸ் போட்டுவிட்டு ஃபோல்டு செய்வதும் அதே நடு டிராப்தான். பிபி என்பது பிக் பிளைண்டின் அளவு. டோர்னமென்ட்டில் எல்லாவற்றையும் அந்த அலகிலேயே எண்ணப் பழகுங்கள். சிப்ஸின் தொகை கண்ணை ஏமாற்றும்.

பெயரைப் பற்றி ஒரு வரி. பிளைண்ட் முதல் பெட், அதன் மேல் வரும் ரெய்ஸ் இரண்டாவது, அதற்கு மேல் போடுவது மூன்றாவது. அதனால்தான் ரீரெய்ஸை 3-பெட் என்கிறோம்.

ஸ்டாக்கின் ஆழம்

ஏறக்குறைய 22 பிபிக்குக் கீழே இருக்கும்போது சின்ன 3-பெட்டுக்குப் பெரும்பாலும் வேலை இல்லை. ஆல்-இன், கால், ஃபோல்டு ஆகிய மூன்றில் ஒன்றுதான். ஏஸ் ஜோடி, கிங் ஜோடி போன்ற கைகளில் மட்டும் சின்ன 3-பெட்டுக்கு இடமுண்டு, அங்கே எதிராளி ஆல்-இன் போட வேண்டும் என்றுதான் நாம் விரும்புகிறோம்.

நேரடியாக ஆல்-இன் போடுவது ஏன் லாபம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். நீங்கள் பிக் பிளைண்ட். ஆன்ட்டி போக, போட்டுவிட்ட பிளைண்டையும் சேர்த்து 15 பிபி இருக்கிறது. கட்-ஆஃப் 2.2 பிபிக்கு முதல் ரெய்ஸ் போட்டுத் திறக்கிறார், மற்றவர்கள் ஃபோல்டு. நடுவில் 4.7 பிபி. நீங்கள் மேற்கொண்டு வைப்பது 14. எதிராளி பாதி முறை ஃபோல்டு செய்தால் 4.7 அப்படியே உங்களுக்கு. மீதிப் பாதியில் கால் வருகிறது, உங்கள் கைக்கு 35 சதவீத வாய்ப்பு என்று கொள்வோம். மொத்தப் பாட் (நடுவில் சேரும் தொகை) 31.5, அதில் உங்கள் பங்கு 11. வைத்த 14-ஐக் கழித்தால் 3 பிபி நஷ்டம். இரண்டையும் சராசரி எடுத்தால் ஒவ்வொரு முறையும் சுமார் 0.86 பிபி லாபம். கால் வந்தால் பின்தங்கியிருக்கும் கையே இவ்வளவு சம்பாதிக்கிறது. லாபம் வருவது எதிராளியின் ஃபோல்டிலிருந்து. 6 பிபிக்கு ரீரெய்ஸ் போட்டால் அந்த ஃபோல்டு குறைகிறது, ஆபத்தோ ஏறத்தாழ அப்படியே இருக்கிறது.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. 40 பிபி வைத்துக்கொண்டு ஜாக் ஜோடியில் ஆல்-இன் போடுவார்கள். "ஃப்ளாப்பில் (முதலில் திறக்கும் மூன்று பொதுச்சீட்டுகளில்) குயின், கிங் வந்தால் தலைவலி, இப்போதே முடித்துவிடலாம்" என்ற எண்ணம். 4.7 பிபியை எடுக்க 40 பிபியைப் பணயம் வைக்கிறோம். கால் செய்பவர்களில் பெரும்பாலோர் கையில் குயின், கிங், ஏஸ் ஜோடிகளோ ஏஸ்-கிங்கோ இருக்கும். நம்மைவிட மோசமான கைகளையெல்லாம் நாமே விரட்டிவிட்டோம்.

இடைப்பட்ட 25 முதல் 35 பிபி வரைதான் கவனம் அதிகம் வேண்டிய பகுதி. 30 பிபியில் பட்டனிலிருந்து 6-க்கு ரீரெய்ஸ் போட்டு, கட்-ஆஃப் ஆல்-இன் வந்தால், கட்ட வேண்டியது 24, பாட்டில் 38.5. தேவையான வாய்ப்பு 38 சதவீதத்துக்கு மேல். இங்கே ஏஸ்-5ஐ நிம்மதியாக ஃபோல்டு செய்யலாம். அதே கை, அதே இருக்கை, அதே 6 பிபி. 18-இல் மாட்டிக்கொண்டோம், 30-இல் தப்பித்தோம்.

எண்ண வேண்டியது உங்கள் ஸ்டாக்கை மட்டுமல்ல என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்களிடம் 60 பிபி இருக்கலாம். திறந்தவரிடம் 14 இருந்தால் அந்தக் கைக்கு உங்களிடமும் 14 தான். அவர் மேல் லேசான கையோடு 6 பிபி ரீரெய்ஸ் போட்டால், அவர் ஆல்-இன் போட்டதும் மேற்கொண்டு 8 கட்டியே ஆக வேண்டிய விலை வந்துவிடும்.

எவ்வளவு போடுவது

"ரீரெய்ஸ் என்றால் இரட்டிப்பு" என்ற நினைப்பு இங்கே பரவலாக இருக்கிறது. விதிப்படி அதுகூடத் தேவையில்லை: 1000-லிருந்து 2200-க்கு ஏற்றியவர் 1200 கூட்டியிருக்கிறார், ஆகவே குறைந்தபட்ச ரீரெய்ஸ் 3400. ஆனால் விதி அனுமதிப்பது வேறு, பலன் தருவது வேறு.

பட்டனிலிருந்து 4400 போட்டால் பாட் 9100 ஆகிறது, கட்-ஆஃப் 2200 கட்டினால் போதும். அவருக்குத் தேவை 19.5 சதவீத வாய்ப்பு. எந்தக் கைக்கும் அது இருக்கும். எதையும் ஃபோல்டு செய்யமாட்டார். 7000 போட்டால் 4800 கட்ட வேண்டும், தேவை 29 சதவீதமாக உயர்கிறது. ஃப்ளாப்புக்குப் பிறகு நீங்கள் கடைசியாக ஆடுவதால் அந்த 29 அவருக்கு நடைமுறையில் இன்னும் கடினம்.

நீங்கள் பிளைண்டில் இருந்தால் கதை மாறும். ஃப்ளாப்புக்குப் பிறகு முதலில் பேச வேண்டியவர் நீங்கள்தான். அந்த இழப்பை அளவில் ஈடுகட்ட வேண்டும். 40 பிபிக்கு மேல் ஸ்டாக் இருக்கும்போது பொசிஷன் உள்ள இடத்தில் (எதிராளிக்குப் பிறகு ஆடும் இடத்தில்) திறந்த தொகையின் 3 மடங்கு, பொசிஷன் இல்லாத இடத்தில் 4 முதல் 4.5 மடங்கு. 2200-க்கு எதிராகப் பிக் பிளைண்டிலிருந்து 9500 அல்லது 10,000. ஸ்டாக் 25-30 பிபிக்கு இறங்கினால் பொசிஷனில் 2.5 மடங்கே போதும். நடுவில் யாராவது கால் செய்திருந்தால், ஆளுக்கு ஒரு திறப்புத் தொகையைக் கூட்டிக்கொள்ளுங்கள்: 7000 போட வேண்டிய இடத்தில் 9200. இதை விட்டுவிட்டு ஒரே 7000 போட்டால் இருவரும் கட்டிக்கொண்டு வருவார்கள், நடுத்தரக் கையோடு மூன்று பேர் ஆடும் பெரிய பாட்டில் நிற்பீர்கள்.

பெரிய அளவுக்கும் விலை உண்டு. 7000 போட்டு 4700-ஐ எடுக்க, கையில் ஒன்றுமே இல்லை என்று வைத்துக்கொண்டால், எதிராளி 60 சதவீதம் ஃபோல்டு செய்ய வேண்டும். பிக் பிளைண்டிலிருந்து 10,000 போட்டால் 66 சதவீதம். வாரம் முழுக்க ஃபோல்டே செய்யாத நண்பர் மேல் பிளஃப் 3-பெட் (நல்ல கை இல்லாமலே அவரை விலக வைக்கப் போடுவது) போடுவது ஏன் தண்டம் என்பதற்கு இந்த எண்களே போதும். அவரிடம் நல்ல கையோடு மட்டும், தாராளமான அளவில் போடுங்கள்.

கைக்குக் கை அளவை மாற்றுவதையும் விட்டுவிடுங்கள். ஏஸ் ஜோடியில் "ஓடிவிடுவாரோ" என்று 5000, ஜாக் ஜோடியில் பயந்து 12,000. இரண்டே மணி நேரத்தில் கவனமான எதிராளிக்கு நீங்கள் சீட்டைத் திறந்து காட்டியதற்குச் சமம்.

எந்தச் சீட்டு

பிளஃபுக்கு எந்தக் கை என்பதில்தான் அனுபவசாலிகளும் தடுமாறுகிறார்கள். கிங்-ஜாக், 9 ஜோடி போன்றவற்றைப் பட்டனில் பிளஃபாக ரீரெய்ஸ் செய்வார்கள். இவை கால் செய்து ஃப்ளாப் பார்க்கத் தகுதியான கைகள். ரீரெய்ஸ் போட்டு, ஆல்-இன் வந்து, ஃபோல்டு செய்தால் நல்ல கையை நாமே கொன்றோம் என்று அர்த்தம். மறுபக்கம் 7-2 போன்ற குப்பையில் போடுகிறவர்கள். கால் வந்தால் அதற்கு உயிரே இல்லை.

நடுவில் இருப்பவை பொருத்தம்: கால் செய்யக் கொஞ்சம் போதாது, ஆனால் முக்கியமான சீட்டைத் தடுக்கும். ஒரே சூட்டில் ஏஸ்-2 முதல் ஏஸ்-5 வரை அப்படிப்பட்டவை. தடுப்பதன் மதிப்பை எண்ணியே பார்க்கலாம். ஏஸ் ஜோடி அமைய 6 வழி, கிங் ஜோடிக்கு 6, குயின் ஜோடிக்கு 6, ஏஸ்-கிங்குக்கு 16, மொத்தம் 34. உங்கள் கையில் ஒரு ஏஸ் இருந்தாலே ஏஸ் ஜோடி 3 ஆகிறது, ஏஸ்-கிங் 12 ஆகிறது, மொத்தம் 27. உங்களை எதிர்த்து நிற்கக்கூடிய கைகளில் ஐந்தில் ஒன்று காணாமல் போய்விட்டது. கால் வந்தாலும் ஃப்ளஷ், ஸ்ட்ரெயிட் இரண்டுக்கும் வழி இருக்கிறது.

யார் திறந்தார் என்பதைப் பாராமல் சீட்டை மட்டும் பார்ப்பது இன்னொரு பழைய வியாதி. ஒன்பது பேர் மேசையில் முதல் இருக்கையிலிருந்து திறப்பவர் எட்டு பேரைத் தாண்ட வேண்டும். இறுக்கமான கைதான் வைத்திருப்பார். அங்கே ஏஸ்-ஜாக்கில் 3-பெட் போடுவது வலியப் போய் மாட்டிக்கொள்வது. அதே ஏஸ்-ஜாக், பட்டனில் இருப்பவர் பாதிச் சீட்டுகளோடு திறக்கும்போது தாராளமாகப் போட வேண்டிய கை.

பரிசு நெருங்கும்போது

டோர்னமென்ட்டின் தனித்தன்மை இங்கேதான். இழக்கும் சிப்ஸின் மதிப்பு, ஜெயிக்கும் சிப்ஸின் மதிப்பைவிட அதிகம். நான்கு பேர் மீதம், மூவருக்குப் பரிசு: 50, 30, 20. நால்வரிடமும் சம ஸ்டாக். ஒவ்வொருவர் பங்கின் மதிப்பும் 25. ஒருவர் ஆல்-இன் ஜெயித்து இரட்டிப்பானால் அவர் மதிப்பு 50 ஆகாது, 38.33 தான் ஆகும். தோற்றால் பூஜ்யம். 13.33 சம்பாதிக்க 25-ஐப் பணயம் வைக்கிறோம். சமன் ஆக 65 சதவீத வாய்ப்பு வேண்டும். பிளைண்ட், ஆன்ட்டியில் கிடக்கும் சிப்ஸ் இதைச் சற்றுக் குறைக்கும், அவ்வளவுதான். குயின் ஜோடிக்கு எதிராக வெவ்வேறு சூட்டில் ஏஸ்-கிங் இருந்தால் குயினுக்கு 57 தான். குயின் ஜோடியையே ஃபோல்டு செய்யும் இடங்கள் உண்டு என்பது இதனால்தான். ஒருவர் வெளியேறி மூவராகிவிட்டால், அதே சம ஸ்டாக்கில் தேவை 57-க்கு இறங்கிவிடுகிறது.

சிப்ஸைப் பரிசின் மதிப்பாக மாற்றும், ஐசிஎம் எனப்படும் இந்தக் கணக்கின் வேர் குதிரைப் பந்தயத்தில் இருக்கிறது. பல குதிரைகள் ஓடும் பந்தயத்தில் எது எந்த இடத்தில் வரும் என்ற வாய்ப்பைக் கணிக்க 1973-இல் டேவிட் ஹார்வில் எழுதிய சூத்திரத்தை 1987-இல் மேசன் மால்முத் போக்கருக்குப் பொருத்தினார். கிண்டியில் இரண்டாவது, மூன்றாவது இடங்களுக்குக் கணக்குப் போட்ட தலைமுறைக்கு இந்த யோசனை நன்றாகவே பிடிபடும்.

இதைப் படித்துவிட்டு "பபுள் (பரிசுக்குச் சற்று முந்தைய கட்டம்) வந்தால் வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும்" என்று முடிவு செய்வது அடுத்த தவறு. அந்த 65 சதவீதம் கால் செய்கிறவருக்கு. முதலில் ஆல்-இன் போடுகிறவருக்கு ஃபோல்டு துணை இருக்கிறது. ஆகவே நடுத்தர ஸ்டாக் வைத்திருப்பவர், இன்னொரு நடுத்தர ஸ்டாக் திறக்கும்போது ரீரெய்ஸ் ஆல்-இன் போடலாம். அவரால் எளிதில் கால் செய்ய முடியாது. மேசையிலேயே பெரிய ஸ்டாக் திறக்கும்போது அதையே செய்யக் கூடாது. அவர் தோற்றாலும் மேசையில் இருப்பார், நீங்கள் இருக்கமாட்டீர்கள்.

மேசையில் உட்காரும்போது

2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டத்துக்குப் பிறகு பணம் கட்டி ஆடும் இணையப் போக்கருக்கு இந்தியா முழுக்கத் தடை. ஆகவே இங்கிருந்து டோர்னமென்ட் ஆட நினைப்பவர்கள் கோவாவின் உரிமம் பெற்ற கேசினோக்களுக்குப் போகிறார்கள். திரையில் பழகிய கைக்கு நேரடி மேசையில் சில விதிகள் காலை வாரும். 2200 திறப்புக்கு எதிராக வாய் திறக்காமல் ஒரே ஒரு 5000 சிப்பைப் போட்டால் அது கால் மட்டுமே. "ரெய்ஸ்" என்று முதலில் சொல்லுங்கள், தொகையையும் சொல்லுங்கள். சிப்ஸை இரண்டு தடவையாகத் தள்ளினால் முதலில் தள்ளியது மட்டுமே செல்லும். எதிராளியின் ஸ்டாக் தெரியவில்லையா, பெரிய சிப்ஸை முன்னால் வைக்கச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

பயிற்சிக்குப் பணம் தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் நான்கு பேர், ஒரு கட்டுச் சீட்டு, காசு மதிப்பே இல்லாத பிளாஸ்டிக் சிப்ஸ் போதும். ஆளுக்கு 30 பிபி கொடுத்துத் தொடங்குங்கள், பத்து கைக்கு ஒருமுறை பிளைண்டை ஏற்றுங்கள். ஒரே ஒரு நிபந்தனை: கை முடிந்ததும், ரீரெய்ஸ் போட்டவர் "ஆல்-இன் வந்திருந்தால் கால் செய்திருப்பேனா, ஃபோல்டு செய்திருப்பேனா, கட்ட வேண்டியது எத்தனை பிபி" என்று சொல்ல வேண்டும். சிப்ஸைத் தள்ளும் முன்பே மனதில் வைத்திருந்த பதிலைத்தான் சொல்ல வேண்டும். பதில் இல்லாதவர் அடுத்த சுற்றுக்குச் சீட்டுக் கலக்கட்டும்.