குடும்ப ஜெபத்தில் பிள்ளைகளுக்கும் வேலை கொடுங்கள்

ராத்திரி ஜெபத்துக்கு உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே சின்னது அம்மா மடியில் தூங்கிவிடுகிறது, பெரியது பாய்க்கோரையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறது, இதுதானே எல்லா வீட்டிலும் நடக்கிறது?

வேதாகமத்தில் 136-ஆம் சங்கீதத்தை எடுங்கள். மொத்தம் 26 வசனம், ஒவ்வொன்றும் "அவர் கிருபை என்றுமுள்ளது" என்றே முடியும். முன்பாதியைப் பெரியவர்கள் வாசிக்க, பின்பாதியைப் பிள்ளைகள் கைதட்டிச் சொல்லட்டும், எழுத்துக்கூட்டத் தெரியாத வாண்டுகூட மூன்றாவது வசனத்திலேயே பிடித்துக்கொள்ளும்.

இஸ்ரவேலர் சுற்றிவந்து ஆர்ப்பரிக்க மதில் இடிந்து விழுந்த எரிகோ பட்டணத்தின் கதைக்கு மொட்டை மாடிதான் சரி (மதுரை வெயிலுக்கு ராத்திரி அங்கேதான் கொஞ்சமாவது காற்று வரும்). தண்ணீர்த் தொட்டிதான் எரிகோ. யோசுவா புத்தகம் 6-ஆம் அதிகாரத்தில் உள்ளபடியே ஆறு நாள் தினம் ஒரு சுற்று, யாரும் வாய் திறக்கக் கூடாது, ஏழாம் நாள் ஏழு சுற்று, கடைசியில் ஒரே ஆர்ப்பரிப்பு. சித்திரைத் திருவிழாக் கடையில் வாங்கின ஊதல் கிடந்தால் எக்காளத்துக்கு ஆச்சு. கீழ்வீட்டு அக்காவிடம் மட்டும் முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்!

ஜெபிக்கும்போது ஆளுக்கொரு வரி போதும். சின்னவன் தெரு நாய்க்குட்டிக்காக ஜெபித்தால் சிரிக்காதீர்கள், அப்புறம் அவன் வாயே திறக்க மாட்டான்.

சபையில் குடும்ப ஆராதனை வருகிறதா, வேதவாசிப்பையும் காணிக்கைப் பையையும் பிள்ளைகளுக்குத் தரச்சொல்லி ஆயரிடம் முந்தின வாரமே கேட்டுவையுங்கள்.